இருபத்துமூன்றாவது புத்தகம்

ஆடி மாசம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு, பனையூர் கூட்ரோட்டில் பரோட்டா கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கோ கிளப்பில், புத்தகங்களுக்கு எடை வந்தது. அதுவரைக்கும் எடை இல்லாமலா இருந்தது என்று கேட்டால், இருந்தது, உலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் இருக்கிற எடை. இது வேற எடை.

முதலில் மாட்டினவர் லைன் சூப்பர்வைசர் குணசீலன். வாராவாரம் பீரோவிலிருந்து பதினாறாவது புத்தகத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பார்க்கிறவர்கள் எல்லாம் பார்க்கிற மாதிரி படியிறங்கிப் போவார். அன்றைக்குக் கையை வைத்தார், வரவில்லை. இரண்டு கையையும் போட்டு இழுத்தார், பீரோ வந்தது, புத்தகம் வரவில்லை.

"எவன்டா பசை தடவி வச்சது?"

அந்த அறையில் எந்தக் கேள்விக்கும் யாரும் சட்டென்று பதில் சொல்வதில்லை. பதில் சொன்னால் உனக்கு என்ன தெரியும் என்பது பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

கார் சீட்டுக்கு உறை தைக்கிற தெரு எதற்கு கோ என்கிற ஜப்பான்காரன் ஆட்டத்தை ஆடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மூன்று வருஷம் இந்தத் தெரு கம்பெனி கேட்டில் உட்கார்ந்து எங்களை பர்மனென்ட் ஆக்கு, பர்மனென்ட் ஆக்கு என்று கேட்டது, நாலாவது வருஷம் கம்பெனி ஒரு பலகையையும் இரண்டு டப்பா கல்லையும் கொடுத்தது. கார்த்திகை முதல் ஞாயிறு கம்பெனி ஆண்டு விழா, அன்றைக்கு இறுதி ஆட்டம், ஜெயிக்கிற ஒரே ஒரு ஆளுக்கு பர்மனென்ட் ஆர்டர். நூற்று முப்பது காண்ட்ராக்ட் ஆட்கள், ஒரு ஆர்டர். அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடலாமே, எதற்கு ஆட்டம்? மூளை உள்ளவன் யார் என்று பார்த்து அவனை முதலில் வெளியே அனுப்பத்தான் என்றான் ஒருத்தன். எல்லோரும் சந்தேகப்பட்டார்கள், எல்லோரும் கம்பெனி திறந்து நீட்டின கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பேர் கொடுத்தார்கள்.

ஆட்டம் கேட்பதற்குச் சுலபம். கட்டம் போட்ட பலகை, ஒருத்தருக்குக் கருப்புக் கல், ஒருத்தருக்கு வெள்ளைக் கல், மாற்றி மாற்றி வைக்கணும், வைத்த கல்லை நகர்த்தக் கூடாது. எதிராளி கல்லைச் சுற்றி வளைத்தால் அது செத்தது. கூட்டத்துக்குள்ளே இரண்டு காலி இடம் தனித்தனியாகப் பிடித்து வைத்தால் பிழைத்தது, அந்தக் காலி இடத்துக்குக் கண் என்று பேர். அவ்வளவுதான். அவ்வளவையும் ஒழுங்காக ஆட ஒரு ஜென்மம் போதாது என்று சொல்லிவிட்டுத்தான் பழைய மேனேஜர் மொரிட்டா ஊருக்குக் கிளம்பினார். அவருக்கு அந்த ஆட்டம் பைத்தியம். போகும்போது தன்னிடமிருந்த இருபத்திரண்டு புத்தகத்தையும் கிளப் பீரோவில் வரிசையாக அடுக்கி நம்பர் ஒட்டிவிட்டுப் போனார். எழுத்து ஜப்பான் எழுத்து. ஆனால் உள்ளே முழுக்கக் கட்டமும் வட்டமும் எண்ணும்தான், எண் நம்ம எண்ணேதான், ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் யாரும் படிக்கலாம்.

எதைப் படிப்பது என்பதில்தான் உயிர் போனது. ஆளுக்கு வாரம் ஒரு புத்தகம். எடுக்கிறவர்கள் பீரோவை மறைத்துக்கொண்டு நின்று எடுத்தார்கள், எடுத்த இடம் தெரியாமலிருக்க மிச்சத்தை நெருக்கி வைத்தார்கள், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பிரவுன் ஷீட் போட்டார்கள், பிரவுன் ஷீட் இல்லாதவர்கள் காலண்டர் தாளில் சாமி படம் வெளியே தெரிகிற மாதிரி போட்டார்கள். வெளியே பிள்ளையார் இருக்கும், உள்ளே எத்தனாவது நம்பர் என்று கட்டின புருஷனுக்குக்கூடத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினாறாவது நம்பர் வரவில்லை என்றதும் எல்லோரும் ஒவ்வொருத்தராக வந்து இழுத்துப் பார்த்தார்கள். மோனிஷாவும் இழுத்தாள். அவளுக்குப் பதினெட்டு வயசு, பத்தாவது கணக்குப் பரீட்சையில் கேள்வித்தாள் பிடிக்கவில்லை என்று பாதியில் எழுந்து வந்தவள், பதினாலு மாசமாகச் சீட் தைக்கிறவள். பதினாறு சுவரை இழுக்கிற மாதிரி இருந்தது. அங்கேயிருந்து பின்னாலேயே ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தாள், பத்தும் வரவில்லை, ஏழும் வரவில்லை, மூன்று ஒரு விரல் அளவு தூக்கியது, இரண்டுதான் கையோடு வந்தது. அட்டையில் முயல் படம். ஜப்பானில் ஒன்றாங்கிளாஸ் பிள்ளைகள் படிக்கிற புத்தகமாம். சோறு அடைத்த டிபன் கேரியர் அளவுக்குக் கனம்.

அவளோடு ஒரே ரூமில் இருக்கிற பிரேமலதா ஆறாவது புத்தகத்தைத் தண்ணி கேனைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துத் தூக்கி நின்றாள். முப்பத்தி நாலு வயசு, செங்கத்தில் அம்மாவிடம் இரண்டு பிள்ளைகள், கம்பெனியில் ஒன்பது வருஷம் எட்டு மாசம்.

"முயலா?" என்றாள் பிரேமலதா. "பாத்துடி, கடிச்சிடப் போவுது."

ஒரு மணிக்குக் கீழேயிருந்து பரோட்டா வந்தது. அதற்குள் எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. உனக்குத் தெரியாதது புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு எடை, கடைசியாகத் தொட்டவர் யாரோ அவர் கணக்கு. ஏன் இப்படி ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது. யார் எதைத் தூக்குகிறான் என்பதுதான் கேள்வி.

ஆவணி பிறப்பதற்குள் தெருவே மாறிப்போனது. டீக்கடையில் நீ என்ன நம்பர் என்றுதான் கேட்டார்கள். வீட்டுக்காரம்மா வாடகைக்கு ஆள் வைக்கும்போது அஞ்சுக்குக் கீழே வேண்டாம் என்றாள். கல்யாணத் தரகர் ஒருத்தர் மாப்பிள்ளை எட்டு தூக்குவார் என்று சொல்லி, பெண் வீட்டார் நேரில் பார்க்கணும் என்று வந்து நின்று, மாப்பிள்ளை நாலில் மூச்சு வாங்கி, பேச்சு அங்கேயே முறிந்தது. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். சிரித்துக்கொண்டு தூக்கினால் நடிக்கிறான், முக்கிக்கொண்டு தூக்கினாலும் நடிக்கிறான்.

குணசீலனுக்கு மனசு ஆறவில்லை. புத்தகத்துக்குள் யாரோ ஈயத் தகடு வைத்திருக்கிறார்கள் என்று மனு எழுதி, தாலுகாவிலிருந்து எடையளவு ஆய்வாளரை வரவழைத்தார். ஆய்வாளர் முத்திரை குத்தின தராசோடு வந்தார். பிரேமலதா ஆறாவது நம்பரைத் தூக்கித் தட்டில் வைத்தாள். இருபது கிலோ. மோனிஷா முயல் புத்தகத்தை வைத்தாள், மூன்று கிலோ. சரி என்று ஆய்வாளர் முயலைத் தானே தட்டிலிருந்து எடுக்கப் போனார், தட்டு தரையில் போய் இடித்தது, புத்தகம் அசையவில்லை, அவர் பேனாதான் பாக்கெட்டிலிருந்து விழுந்தது. "தராசு சரியா இருக்கு, புத்தகமும் சரியா இருக்கு, ஆளுங்கதான் சரியில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது மோனிஷாவிடம் மட்டும் மெதுவாக, "ஏம்மா, இதுக்கு முன்னாடி படிக்கிறதுக்கு எதுவும் இருக்கா?" என்று கேட்டார்.

இங்கேதான் தெரு ஒரு தப்பு செய்தது. இந்தத் தெருதான் செய்யும். கனமான புத்தகத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவு பண்ணி, தூக்க முடிந்ததிலேயே பெரிய கனம் எதுவோ அதை எடுக்க ஆரம்பித்தார்கள், அதைத் தூக்குவதற்கு மெயின் ரோட்டில் இருக்கிற ஜிம்மில் சேர்ந்தார்கள். முட்டை சாப்பிட்டார்கள். இரண்டு மாசத்தில் தோள் தடித்து ஒன்பதாவது நம்பரைத் தூக்கி நிறுத்தின ஆட்கள் உண்டு, திறந்து பார்த்தால் முதல் பக்கத்தில் முதல் படமே விளங்காது, மூடிவிட்டு மறுபடியும் தூக்குவார்கள். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் டயர் வெடித்ததில் பஞ்சர் கடைக்காரர் புது கம்ப்ரஸர் வாங்கினார். இடுப்புப் பிடிப்புக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு பாதி லைன் நின்றுகொண்டே தைத்தது.

மோனிஷாவுக்கும் ஆசைதான். ஆனால் அவளுக்குப் பொறுமை கிடையாது, விளங்காததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கை நமநம என்று வரும். முயல் புத்தகத்தை எடுத்தாள். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று பிரவுன் ஷீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, தெருவில் போகும்போது மட்டும் குனிந்து, கையைத் தொங்கப் போட்டு, ஐந்தடிக்கு ஒருமுறை கீழே வைத்து வைத்து எடுத்துக்கொண்டு போனாள். தெரு முழுக்கக் கனத்தை லேசு என்று நடித்துக்கொண்டிருந்தது, அவள் ஒருத்தி லேசைக் கனம் என்று நடித்தாள்.

முயல் புத்தகத்தில் முந்நூறு கணக்கு. கருப்புக் கல் எங்கே வைத்தால் பிழைக்கும், எங்கே வைத்தால் வெள்ளை சாகும், அவ்வளவுதான். முதல் தடவை முடித்ததும் டிபன் கேரியர் காலி டிபன் கேரியர் ஆனது. இரண்டாவது தடவை வெறும் தட்டு. மூன்றாவது தடவை, நாலாவது தடவை, பார்த்த மாத்திரத்தில் விரல் தானாகப் போய் நின்றது, ஒரு நாள் சாயங்காலம் முந்நூறாவது கணக்கிலிருந்து கையை எடுத்ததும் புத்தகம் மெதுவாக எழும்பி, ஃபேனைத் தாண்டி, கூரையில் போய் ஒட்டிக்கொண்டது.

பிரேமலதா ஷிஃப்ட் முடிந்து வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"என்னாடி அது?"

"முயலு."

"மேல என்னா பண்ணுது?"

"முடிஞ்சு போச்சுக்கா. அதான்."

பிரேமலதா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கம்பெனி உனக்குத் தனியா வேற புத்தகம் குடுத்துதா? உண்மையைச் சொல்லு. குணசீலன் குடுத்தாரா?"

"அந்தாளு குடுத்தா நான் வாங்குவனா. சின்னப் புள்ளைங்க புத்தகம்க்கா, அதையே நாலு வாட்டி போட்டேன். இப்ப மூணாம் நம்பர் தூக்க முடியுது. நீயும் ஆறை விட்டுட்டு இதுலேருந்து போடு."

"நல்லாத்தான் சொல்ற. நான் ஒண்ணாங்கிளாஸுக்குப் போய் உக்காந்துக்கினா உனக்கு வசதிதான்."

மோனிஷா விட்டுவிட்டாள். நம்பாதவளைப் பிடித்து நம்ப வைக்க அவளுக்கு நேரமில்லை. ஆனால் அடுத்தடுத்த நாட்களில், தான் காலை ஷிஃப்ட் போய்விட்டு வந்தால் கூரையில் இருந்த முயல் பரணில் இறங்கிக் கிடப்பதையும், பரண் மேலே ஏறப் போட்ட ஸ்டூல் ஈரக் கால் தடத்தோடு நிற்பதையும் பார்த்தாள். கேட்கவில்லை. மூன்று, நாலு, ஐந்து என்று அவள் போனாள், பின்னாலேயே ஒருத்தி வருகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

ஐப்பசியில் ஆட்டங்கள் ஆரம்பித்தன. தோள் தடித்தவர்கள் எல்லோரும் இரண்டாவது சுற்றில் வெளியே போனார்கள். சூப்பர்வைசரானாலும் காண்ட்ராக்ட்தான் என்பதால் பேர் கொடுத்திருந்த குணசீலன் மூன்றாவது சுற்றில் மோனிஷாவிடம் தோற்று, வெளிச்சம் சரியில்லை என்றார். கடைசியில் நின்றது இரண்டே பேர், ஒரே ரூம், ஒரே ஸ்டவ். அன்றையிலிருந்து இருவரும் தனித்தனியாகச் சோறு வடித்தார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மோனிஷா எட்டாவது புத்தகத்தைத் திருப்பி வைக்கக் கிளப்புக்குப் போனாள். பீரோ கீழ்த் தட்டில் ஒரு ஒல்லிப் புத்தகம், ரேஷன் கார்டை விடக் கொஞ்சம் தடிமன், நம்பர் கிடையாது, ஆடியிலிருந்து அங்கேயேதான் கிடக்கிறது. ஜிம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஈரத்தில் தட்டோடு ஒட்டிப்போச்சு என்று விட்டுவிட்டார்கள். மோனிஷா கையை வைத்தாள். எட்டாவது நம்பரைத் தூக்குகிற கைக்கு அது வரவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியாதது அப்படி என்னடா உனக்குள்ளே இருக்கு?

புத்தகத்தைப் படிக்க எதற்குத் தூக்கணும். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, தலையைத் தட்டுக்குள் விட்டு, அட்டையைத் திருப்பினாள். *போட்டி விதிமுறைகளும் நிபந்தனைகளும்.* முப்பத்தாறு பக்கம். எல்லோரும் கையெழுத்துப் போட்டது இதன் கடைசிப் பக்கத்தில்தான். தமிழ்தான், ஆனால் ஜப்பான் எழுத்தே தேவலாம். மூன்று சாயங்காலம் படுத்துப் படுத்துப் படித்தாள், ஒரு வாக்கியத்தை நாலு தடவை, முயல் கணக்கு மாதிரி. இருபத்தொன்பதாவது பக்கம் இது: *போட்டி முடிவுற்று வெற்றியாளர் அறிவிக்கப்பட்டவுடன், பங்கேற்பாளர் அனைவரும் தமது முந்தைய பணிக்காலத்தையும் பணி நிரந்தரம் குறித்த கோரிக்கையையும் தாமாக முன்வந்து கைவிட்டவர்களாகக் கருதப்படுவர்.* மூன்றாவது நாள் சாயங்காலம் புத்தகம் காய்ந்த இலை மாதிரி கையோடு வந்தது.

ரூமுக்குப் போய்ப் பிரேமலதாவிடம் சொன்னாள்.

"ஜெயிக்கிற ஒரு ஆளுக்கு ஆர்டர். மிச்சம் நூத்தி இருபத்தொன்பது பேரும் இனிமே கேட்டாண்ட போய் உக்கார முடியாது. உன் ஒம்பது வருசம் எட்டு மாசம் போச்சு. ஜெயிச்சாலும் அது போச்சு, முதல்லேருந்து."

பிரேமலதா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ம். அதனால நான் ஆட வராம இருந்துடணும்."

"நான் அப்படிச் சொல்லலை."

"பதினாலு மாசக்காரி நீ. உனக்குப் போறதுக்கு என்னா இருக்கு? எனக்கு வந்து புத்தி சொல்ற."

"எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது. இந்தா, தூக்கு."

புத்தகத்தைக் கட்டிலில் வைத்தாள். பிரேமலதா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து தொட்டாள். கட்டில் இரண்டு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. தலையணையோடு சேர்த்து அமுங்கின புத்தகத்தை அவள் இழுத்தாள், மறுபடியும் இழுத்தாள், ஏழாவது நம்பரைத் தூக்குகிறவள். பிறகு மோனிஷா இரண்டு விரலால் எடுத்துக் காட்டினாள்.

பிரேமலதா தரையில் உட்கார்ந்தாள். "எந்தப் பக்கம்?" என்றாள். அன்றைக்கு அரிசி ஊறிக் கொழகொழத்துப் போனது. தரையில் படுத்து அவள் படித்துக்கொண்டே இருந்தாள், விளங்காத இடத்தில் மோனிஷா காலால் தட்டிச் சொன்னாள். முப்பத்தொன்றாவது பக்கத்தில் பிரேமலதா நின்றாள்.

"இது யார் எழுதினது? இது மட்டும் வேற மாதிரி இருக்கு."

*இறுதி ஆட்டத்தில் ஆட்டக்காரர் தமது கல்லை வைப்பதற்கு நேர வரம்பு கிடையாது. நல்ல ஆட்டத்தை அவசரப்படுத்தக் கூடாது.* மொரிட்டாவைத் தவிர அதை யார் எழுதியிருப்பார்கள்.

இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆட்டம் முடிஞ்சாத்தானே இருபத்தொம்பதாம் பக்கம்" என்றாள் மோனிஷா.

"முதல் கல்லு கருப்புக்குத்தான். கருப்பு யாருக்கு?"

"உனக்கு. போன வாரமே குலுக்கிப் போட்டாச்சு."

பிரேமலதா சிரித்தாள், அந்தச் சிரிப்பு மோனிஷாவுக்குப் பிடிக்கவில்லை. "நான் வைக்க மாட்டேன்னு நீ நம்பிடுவியா?"

"மாட்டேன்" என்றாள் மோனிஷா. "ஆனா வேற வழியில்ல."

கார்த்திகை முதல் ஞாயிறு கம்பெனி கேன்டீனில் வாழை மரம் கட்டி, மைக் வைத்து, நடுவில் பலகை போட்டிருந்தார்கள். தெரு முழுக்க வந்திருந்தது. புது மேனேஜர் முன் வரிசையில் பூ போட்ட நாற்காலியில். மோனிஷாவின் நாற்காலிக் காலில் சீட் தைக்கிற நைலான் நூல் கட்டியிருந்தது, நூலின் மறுமுனையில், எல்லோர் தலைக்கும் ஒரு முழம் மேலே, ஒல்லிப் புத்தகம் மிதந்துகொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் பலகையிலேயே இருந்ததால் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மணி அடித்தது. பிரேமலதா ஒரு கருப்புக் கல்லை இரண்டு விரலில் எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

"வைம்மா" என்றார் குணசீலன், மைக்கில்.

"யோசிக்கிறேன் சார்."

"முதல் கல்லுக்கு என்னம்மா யோசனை?"

"முப்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க சார். நேரக் கணக்கு கிடையாதுன்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே குணசீலன் நூலைப் பிடித்து இழுத்துப் புத்தகத்தைக் கையில் வாங்கினார்.

வாங்கினதும் போனார். கையோடு, மைக்கோடு, டைல்ஸ் தரை விரிகிற சத்தத்தோடு கீழே போனார். புத்தகத்துக்கு அடியில் அவர் உள்ளங்கை மாட்டிக்கொண்டது. ஜிம் ஆட்கள் ஓடி வந்து இழுத்தார்கள், அவர்கள் தொட்டதும் இன்னும் அமுங்கியது.

மோனிஷா எழுந்திருக்காமலேயே சொன்னாள். "படிங்க சார். படிச்சா விட்டுடும்."

தெரு அன்றைக்குவரை குணசீலனைக் கம்பெனி ஆள் என்றுதான் நினைத்திருந்தது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் நம்மை ஆட்டி வைக்கிறார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசாத வாய் கிடையாது. அவர் வயிற்றை டைல்ஸில் வைத்துப் படுத்து, இடது கையால் பக்கத்தைத் திருப்பி, முதல் வரியிலிருந்து உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தார். அவரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மைக் கீழே கிடந்ததால் அவர் படித்தது கேன்டீன் முழுக்கக் கேட்டது. விளங்காத வரியில் நின்று நின்று, சாயங்காலம்தான் இருபத்தொன்பதாவது பக்கம் வந்தது. அதை ஒரு தடவை படித்தார். சத்தமில்லாமல் இன்னொரு தடவை படித்தார். கூட்டத்தில் யாரோ, "திருப்பிப் படிங்க" என்றார்கள், திருப்பிப் படித்தார்.

முப்பத்தாறு முடிந்ததும் கை வந்தது. குணசீலன் எழுந்து, கையை உதறி, மைக்கை எடுத்து ஆஃப் செய்தார். ஆடும்மா என்று சொல்லவில்லை. புத்தகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, அது பறந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, முன் வரிசைக்குப் போய்ப் புது மேனேஜர் முன்னால் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க சார்."

நூற்று முப்பது பேரும் மேனேஜர் கையைப் பார்த்தார்கள். கனத்தால் அவரும் படிக்காதவர், கனக்காவிட்டால் தெரிந்தே செய்தவர். மேனேஜர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அவர் இன்னும் கையை வெளியே எடுக்கவில்லை. வாழை மரம் காய்ந்துவிட்டது, மறுநாளிலிருந்து ஷிஃப்ட் ஆட்கள் கேன்டீனில் இடமில்லாமல் வெளியே நின்று சாப்பிடுகிறார்கள், தெரு முறை வைத்துக்கொண்டு இருவருக்கும் சோறு கொண்டுவந்து ஊட்டுகிறது. பிரேமலதா யோசித்துக்கொண்டிருக்கிறாள். கருப்புக் கல் பலகைக்கு நாலு விரல் மேலே நிற்கிறது, சில நேரம் மூன்று விரலுக்கு இறங்கி மறுபடியும் ஏறுகிறது. எதிரே மோனிஷா தண்ணி குடிக்கும்போதுகூட அந்தக் கையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.